எடிட்டிங் கணினியை டேப் டெக்காக நடிக்க வைப்பது எப்படி?

கேசட்டில் படம் வருவது ஏறக்குறைய நின்றுபோன பிறகும், கேசட் டெக்கை ஓட்டுவதற்கென்றே செய்த கன்ட்ரோலர்கள் இன்னும் சில இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. டேப்பிலிருந்து டேப்புக்குப் பதிந்து எடிட் செய்யும் பழைய லீனியர் எடிட் சூட்டில் சோனி பிவிஇ-910 போன்ற ஒரு எடிட் கன்ட்ரோலர் இருக்கலாம். ஒலிக்கலவை அரங்கின் மிக்சரில் படத்தை ஓட்டவும் நிறுத்தவும் பட்டன்கள் இருக்கலாம். ஒளிபரப்பு நிலையத்தில் ஆட்டோமேஷன் இருக்கலாம். இவை எல்லாம் எதிர்முனையில் ஒரு டெக் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு, சோனி 9-பின் என்ற புரோட்டோகாலில் பேசுகின்றன. அந்த டெக் இருந்த இடத்தில் எடிட்டிங் கணினியை வைத்து, "நான்தான் பீட்டாகேம்" என்று கன்ட்ரோலரை நம்ப வைப்பதற்குப் பெயர் விடிஆர் (வீடியோ டேப் ரெக்கார்டர்) எமுலேஷன்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் குழம்புவது ஒரே இடத்தில்தான். பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் 'டெக் கன்ட்ரோல்' என்று ஒரு வசதி இருக்கும். அதில் கணினி எஜமான், டெக் வேலைக்காரன். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: கன்ட்ரோலர் சொல்ல, கணினி கேட்க வேண்டும். முதல் வசதி இருப்பதாலேயே இரண்டாவதும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். எவிட் மீடியா கம்போசரில் விடிஆர் எமுலேஷன் உண்டு. புரோ டூல்ஸில் 9-பின் டெக் எமுலேஷன் உண்டு. படத்தை மட்டும் டெக் போல ஓட்டினால் போதும் என்றால் விர்ச்சுவல்விடிஆர், வீடியோ ஸ்லேவ் போன்ற தனி மென்பொருள்கள் வந்திருக்கின்றன. உங்கள் மென்பொருளின் கையேட்டில் 'எமுலேஷன்' என்ற சொல்லோ 'ரிமோட் பிளே' என்ற சொல்லோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேபிள் வாங்குவது வீண்செலவு.

அடுத்து ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரையாடலில் டெக் தானாக வாய் திறக்காது. கன்ட்ரோலர் கேட்கும், டெக் பதில் சொல்லும். "ஓடு" என்றால் "சரி". "இப்போது நேரம் என்ன?" என்றால் டைம்கோட், அதாவது அந்த ஃபிரேமின் மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண். "உன் நிலை என்ன?" என்றால் நிற்கிறேன், ஓடுகிறேன், வேகம் பிடித்துப் பூட்டிவிட்டேன் என்று சில பைட்டுகள். கணினிக்குள் எவ்வளவு அருமையாகப் படம் ஓடினாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. கம்பி வழியாக வரும் பதிலை மட்டும்தான் அது நம்பும். ஆகவே கம்பியிலிருந்து தொடங்கி மேலே போவதுதான் முறை. மென்பொருளிலிருந்து கீழே வருகிறவர்கள் நாள்கணக்கில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

என்னென்ன வேண்டும்

சோனி 9-பின் பேசும் சீரியல் இணைப்பான ஆர்எஸ்-422 போர்ட் ஒன்று வேண்டும். டெக்லிங்க், கோனா மாதிரி வீடியோ கார்டுகளில் பல மாடல்களில் அது கூடவே வரும். இல்லையென்றால் யூஎஸ்பி-ஆர்எஸ்-422 கன்வர்ட்டர். பழைய கணினியின் பின்புறம் இருக்கும் ஒன்பது முள் காம் போர்ட் பார்ப்பதற்கு அப்படியே இருக்கும், ஆனால் அது ஆர்எஸ்-232. மின் அளவே வேறு. அதை நேரடியாகச் செருகக் கூடாது. இடையில் 232-ஐ 422 ஆக்கும் பெட்டி வேண்டும்.

மற்றவை: இரண்டு டி-9 ஆண் கனெக்டர்கள் (சோனி உபகரணங்களில் கன்ட்ரோலர் பக்கமும் டெக் பக்கமும் பெண் கனெக்டர்தான்), ஷீல்டு உள்ள ஜோடி முறுக்குக் கம்பி, சால்டரிங் அயன், மல்டிமீட்டர், பிளாக் பர்ஸ்ட் சிக்னல் (எல்லா உபகரணங்களையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது), பிஎன்சி கேபிள்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கனெக்டர், ஹூட், கம்பி எல்லாவற்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். கடையில் 'நல் மோடம் கேபிள்' என்று ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிப் போடும் ஆர்எஸ்-232 கேபிள், நம் வேலைக்கு ஆகாது.

கேபிள்

ஆர்எஸ்-422இல் அனுப்புவதற்கு ஒரு ஜோடி, வாங்குவதற்கு ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பிளஸ், ஒரு மைனஸ். கன்ட்ரோலர் பக்கத்தில் பின்கள் இப்படி இருக்கும்:

1 மற்றும் 9: உபகரணச் சட்டகத்தின் கிரவுண்ட்
2: வாங்குவது, மைனஸ்
7: வாங்குவது, பிளஸ்
8: அனுப்புவது, மைனஸ்
3: அனுப்புவது, பிளஸ்
4: அனுப்பும் பக்கத்துக் காமன்
6: வாங்கும் பக்கத்துக் காமன்
5: காலி

நிஜமான டெக்கில் இதே பின்கள் தலைகீழாக இருக்கும். 2, 7 அனுப்பும், 3, 8 வாங்கும். அதனால்தான் கன்ட்ரோலருக்கும் டெக்குக்கும் நடுவே ஒன்றுக்கு ஒன்று நேராகப் போகும் கேபிள் போதுமாக இருந்தது.

சிக்கல் இங்கேதான். உங்கள் வீடியோ கார்டில் இருக்கும் 9-பின் போர்ட், டெக்கை ஓட்டுவதற்காக வைத்தது. அதாவது அதன் பின்கள் கன்ட்ரோலர் முறையில் இருக்கும். இந்தப் பக்கமும் கன்ட்ரோலர், அந்தப் பக்கமும் கன்ட்ரோலர். நேர் கேபிளைப் போட்டால் இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், இன்னொரு கம்பியில் இருவரும் காத்துக்கொண்டிருப்பார்கள். எனவே குறுக்குக் கேபிள் வேண்டும்: 2-லிருந்து 8, 8-லிருந்து 2, 3-லிருந்து 7, 7-லிருந்து 3, 4-லிருந்து 6, 6-லிருந்து 4. ஒன்றும் ஒன்பதும் நேராக. 2, 7 ஒரு முறுக்கு ஜோடியிலும் 3, 8 இன்னொரு முறுக்கு ஜோடியிலும் போக வேண்டும். ஜோடியைப் பிரித்துவிட்டால், சின்னக் கேபிளில் ஓடியது நீளக் கேபிளில் தடுமாறும். சில கார்டுகளில் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் மென்பொருளிலேயே இடம் மாற்றலாம். டெக்லிங்க் டிரைவரில் அந்த ஏற்பாடு உண்டு. அதைப் பயன்படுத்தினால் நேர் கேபிளே போதும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

யூஎஸ்பி கன்வர்ட்டர்கள் பலவற்றில் திருகு முனைகள் இருக்கும். கன்ட்ரோலரின் 3-ஐ ஆர் (வாங்கும்) பிளஸ், 8-ஐ ஆர் மைனஸ், 7-ஐ டி (அனுப்பும்) பிளஸ், 2-ஐ டி மைனஸ், 4-ஐயும் 6-ஐயும் கிரவுண்ட் என்று கோர்த்துவிடுங்கள். முனைகளில் பிளஸ், மைனஸ் போடாமல் ஏ, பி என்று எழுதியிருந்தால் உஷார். சோனியும் தர நிர்ணய ஆவணமும் ஏ என்பதை மைனஸாக வைத்திருக்கின்றன. சிப் தயாரிப்பாளர்கள் பலர் ஏ என்பதைப் பிளஸாக வைத்திருக்கிறார்கள். எழுத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

மீட்டர் சோதனை

சால்டர் செய்வதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். உபகரணத்துக்குக் கரண்ட் கொடுங்கள். கணினி என்றால் போர்ட்டைப் பயன்படுத்தும் மென்பொருளையும் திறந்து வையுங்கள், சில போர்ட்டுகள் அப்போதுதான் விழிக்கும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை 3-லும் கறுப்பை 8-லும் வையுங்கள். எதுவும் பேசாமல் சும்மா இருக்கும் அனுப்பும் ஜோடியில், பிளஸ் முனை மைனஸைவிட 2 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நிற்கும். இங்கே அப்படி வந்தால் அது கன்ட்ரோலர் முறைப் போர்ட். வராமல், சிவப்பை 7-லும் கறுப்பை 2-லும் வைக்கும்போது வந்தால் அது டெக் முறைப் போர்ட். வோல்ட் வருகிறது, ஆனால் மைனஸ் குறியோடு வருகிறது என்றால் அந்த ஜோடியில் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. கேபிள் விஷயத்தில் ஊகத்துக்கே இடம் இருக்காது.

போர்ட் அமைப்பும் தாமதமும்

விநாடிக்கு 38,400 பிட், 8 டேட்டா பிட், ஆட் பாரிட்டி (பிழை பிடிக்கும் ஒற்றைப்படைச் சோதனை பிட்), 1 ஸ்டாப் பிட். இது மாறாது. பாரிட்டி இல்லாமல் வைத்துவிட்டு, ஏன் குப்பையாக வருகிறது என்று கேட்பவர்கள் நிறைய.

இதைவிட முக்கியமானது பதில் நேரம். கன்ட்ரோலர் கட்டளை அனுப்பினால் டெக் 9 மில்லி விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். கம்பியில் ஒரு பைட் போவதற்கு ஸ்டார்ட், பாரிட்டி, ஸ்டாப் எல்லாம் சேர்த்து 11 பிட், அதாவது 0.3 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். ஏழு பைட் பதிலே 2 மில்லி விநாடிதான் ஆகும். கம்பி பிரச்சினை இல்லை. பிரச்சினை யூஎஸ்பி. எஃப்டிடிஐ சிப் உள்ள கன்வர்ட்டர்களில் 'லேட்டன்சி டைமர்' என்று ஒன்று உண்டு. வந்த பைட்டுகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாகக் கணினிக்குக் கொடுப்பதற்கான காத்திருப்பு நேரம் அது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 16 மில்லி விநாடி என்று வைத்திருப்பார்கள். கன்ட்ரோலர் கொடுக்கும் கெடுவோ 9. கட்டளை உங்கள் மென்பொருளை எட்டுவதற்கு முன்பே கெடு முடிந்துவிடுகிறது, டெக் இல்லை என்று கன்ட்ரோலர் முடிவு கட்டிவிடுகிறது.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். போர்ட்ஸ் என்ற பகுதியில் கன்வர்ட்டரைத் தேர்ந்து, பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று உள்ளே போனால் லேட்டன்சி டைமர் இருக்கும். அதை 1 ஆக்குங்கள். கன்வர்ட்டரை வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய போர்ட்டாக எடுத்துக்கொண்டு மறுபடி 16-க்குப் போய்விடக்கூடும். ஆகவே ஒரே துளையில் வைத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகப் போடாதீர்கள். மின்சேமிப்புக்காக யூஎஸ்பியைத் தூங்கவிடும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். என்னைக் கேட்டால், கார்டிலேயே 422 போர்ட் இருக்கும்போது கன்வர்ட்டர் பக்கமே போக வேண்டாம்.

மென்பொருளுக்கு முன் ஒரு ஒட்டுக்கேட்பு

கன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன், பைட்டுகளை ஹெக்ஸ் எண்ணாகக் காட்டும் ஒரு சீரியல் டெர்மினலைத் திறந்து, கன்ட்ரோலரை ஆன் செய்யுங்கள். அது உடனே விசாரிக்கத் தொடங்கும். 00 11 11 என்று வந்தால் "நீ யார்?" என்று கேட்கிறது. முதல் இரண்டு பைட்டுகள் கட்டளை, கடைசி பைட் கூட்டுத்தொகை (செக்சம்). 20 01 21 என்றால் "ஓடு". 20 00 20 என்றால் "நில்". பதில் கிடைக்காததால் கன்ட்ரோலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். அதுவே போதும், வாங்கும் ஜோடி சரி என்று அர்த்தம். அர்த்தமில்லாத பைட்டுகளாக வந்தால் பாரிட்டியையும் பிளஸ்-மைனஸையும் பாருங்கள். ஒன்றுமே வராவிட்டால் கேபிள்.

டெக் சொல்ல வேண்டிய பதில்களும் இதே அச்சில்தான் இருக்கும். "சரி" என்பது 10 01 11. நேரம் கேட்டால், டைம்கோட் 10:00:05:08 என்று வைத்துக்கொள்வோம், பதில் 74 04 08 05 00 10 95. கவனியுங்கள், நேரம் தலைகீழாகப் போகிறது: முதலில் ஃபிரேம், அப்புறம் விநாடி, நிமிடம், மணி. "10:02:10:00-க்குப் போய் நில்" என்ற கட்டளை 24 31 00 10 02 10 77. இதையெல்லாம் நீங்கள் கையால் எழுதப்போவதில்லை, மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் கோளாறு வரும் நாளில் இந்த நாலைந்து வரிகளை அடையாளம் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்.

சோதனை முடிந்ததும் டெர்மினலை மூடுங்கள். ஒரு போர்ட்டை ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

எந்த டெக் என்று சொல்வது

எமுலேஷன் அமைப்புகளில் போர்ட்டைத் தேர்ந்த பிறகு, எந்த மாடலாக நடிக்க வேண்டும் என்று கேட்கும். தேர்வு கொடுத்தால் பிவிடபிள்யூ-75 என்று போடுங்கள். பீட்டாகேம் எஸ்பி காலத்து ஸ்டூடியோ ரெக்கார்டர் அது, எந்தப் பழைய கன்ட்ரோலருக்கும் தெரிந்த முகம். "நீ யார்?" என்ற கேள்விக்கு அதன் பால் (PAL, 25 ஃபிரேம் டிவி முறை) வகை சொல்லும் பதில் 12 11 21 25 69. இந்த அடையாளத்தை வைத்துத்தான் கன்ட்ரோலர் ப்ரீரோல் (எடிட் புள்ளிக்கு முன்னால் ஓடி வரும் நேரம்), எடிட் டிலே (கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே ஆகும் தாமதம்) போன்ற எண்களைத் தன் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் புதுமையான மாடல் பெயரைக் கொடுத்துப் பரிசோதிக்காதீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் தொலைக்காட்சிக்கு 25 ஃபிரேம்தான், எனவே பால் அடையாளம். 29.97 ஃபிரேமில் வேலை என்றால் அதற்கான டிவி முறையான என்டிஎஸ்சி அடையாளத்தோடு, டைம்கோட் சில எண்களைத் தாண்டி எண்ணும் டிராப் ஃபிரேமா இல்லையா என்பதும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் 108 ஃபிரேம் விலகும்.

நிஜ டெக்கில் 'லோக்கல், ரிமோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மென்பொருளிலும் அதற்கு இணையாக ஒன்று உண்டு. அது லோக்கலில் இருந்தால் கன்ட்ரோலர் பார்க்கும், ஆனால் ஓட்ட முடியாது.

சீக்வென்ஸைத் தயார் செய்வது

டேப்பில் படத்துக்கு முன்னால் எப்போதும் கொஞ்சம் கறுப்பு, கலர் பார், கவுன்ட்டவுன் இருந்தது. அது அலங்காரம் இல்லை. எடிட் புள்ளிக்கு ஐந்து அல்லது ஏழு விநாடி முன்னால் போய் நின்று, அங்கிருந்து ஓடி வேகம் பிடிப்பதற்கான இடம் அது, அதாவது ப்ரீரோல். உங்கள் சீக்வென்ஸ் (மென்பொருளில் தொகுத்து வைத்த படம்) சரியாக 10:00:00:00-இல் தொடங்கினால், 09:59:55:00-க்குப் போ என்று கன்ட்ரோலர் சொல்லும்போது போவதற்கு இடமே இருக்காது. கியூ ஆகாமல், அதாவது சொன்ன இடத்தில் தயாராகாமல், நின்றுவிடும். ஆகவே சீக்வென்ஸின் தொடக்கத்தை 09:58:00:00 என்று வைத்து, பாரும் கறுப்பும் போட்டு, படத்தை 10:00:00:00-இல் ஆரம்பியுங்கள். முடிவிலும் பத்து விநாடிக் கறுப்பு விடுங்கள். ஒலிக்கலவைக்குப் போகும் சினிமா ரீல் என்றால், ரீல் ஒன்றுக்கு ஒரு மணி, இரண்டுக்கு இரண்டு மணி என்று வைப்பது வழக்கம்.

நடுவில் டைம்கோட் துண்டுபடக் கூடாது. எஃபெக்டுகளை ரெண்டர் செய்துவிடுங்கள். கேமராவிலிருந்து வந்த எச்.264 கோப்பை அப்படியே வைத்து ஓட்டினால், பின்னோக்கி ஜாக் செய்யும்போது (ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போது) கணினி திணறும். அந்த வகைக் கோப்பில் ஒரு ஃபிரேமைக் காட்ட முன்பின் ஃபிரேம்களைத் தேட வேண்டியிருக்கிறது. புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி போல ஒவ்வொரு ஃபிரேமும் தனித்து நிற்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால், கன்ட்ரோலரின் சக்கரத்தைத் திருப்பும்போது படமும் கூடவே வரும்.

ரெஃபரன்ஸ்

ஒரே சிங்க் ஜெனரேட்டரிலிருந்து பிளாக் பர்ஸ்ட், வீடியோ கார்டின் ரெஃப் இன்னுக்கும் கன்ட்ரோலருக்கும் எடிட்டைப் பதியும் ரெக்கார்டருக்கும் போக வேண்டும். எச்டி அமைப்பு என்றால் டிரை-லெவல் சிங்க்காக இருக்கலாம். கார்டின் அமைப்பில் ரெஃபரன்ஸை 'எக்ஸ்டர்னல்' என்று மாற்றி, பூட்டிவிட்டது என்று காட்டுகிறதா பாருங்கள். ஒரு கேபிளை டி கனெக்டர் போட்டு நாலு இடத்துக்குக் கொண்டுபோனால், கடைசி உபகரணத்தில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் (முனையை அடைக்கும் மின்தடை). நடுவிலும் ஒன்று போட்டால் சிக்னல் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். ரெஃபரன்ஸ் இல்லாமலும் படம் ஓடும், பட்டன்களும் வேலை செய்யும். அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எடிட் போடும்போதுதான் ஒரு தடவை சரியாகவும் அடுத்த தடவை ஒரு ஃபிரேம் தள்ளியும் விழும்.

எத்தனை ஃபிரேம் தாமதம்?

கணினி டைம்கோட்டைச் சொல்லும் நேரமும், அந்த ஃபிரேம் வெளியே வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. அளந்து பாருங்கள். சீக்வென்ஸ் முழுவதும் படத்தின் மேல் டைம்கோட் எண்ணைப் பொறித்துவிடுங்கள். கன்ட்ரோலரில் மூலப் புள்ளி 10:02:15:00 என்று வைத்து ரெக்கார்டரில் ஒரு எடிட் போடுங்கள். பதிவான முதல் ஃபிரேமில் 10:02:14:22 தெரிந்தால் படம் 3 ஃபிரேம் தாமதமாக வருகிறது. மென்பொருளின் ஆஃப்செட்டில் அந்த மூன்றைச் சரிசெய்யுங்கள். மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டால் கன்ட்ரோலரின் எடிட் டிலேயில் செய்யுங்கள். பிறகு அதே எடிட்டை வேறு வேறு இடங்களில் திரும்பத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரே அளவு தள்ளினால் கவலை இல்லை, எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் வேறு அளவு தள்ளினால் ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். ரெஃபரன்ஸையோ மெதுவான டிஸ்கையோ பாருங்கள்.

அப்படியும் ஓடவில்லையா?

கன்ட்ரோலர் டெக்கே இல்லை என்கிறது என்றால் கேபிள் அல்லது லேட்டன்சி. டெக்கைக் காண்கிறது, ஆனால் ஓட்ட மறுக்கிறது என்றால் லோக்கல்-ரிமோட், அல்லது கேசட் வெளியே இருப்பதாக நிலைப் பைட்டில் போகிறது. சீக்வென்ஸ் எதுவும் ஏற்றாமல் இருந்தால் சில மென்பொருள்கள் அப்படிச் சொல்லும். ஓடுகிறது, ஆனால் நடுநடுவே துண்டிக்கிறது என்றால் கணினியில் பின்னணியில் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். கன்ட்ரோலர் ஃபிரேமுக்கு ஒரு முறை, அதாவது 40 மில்லி விநாடிக்கு ஒரு முறை விசாரிக்கும். அந்த நேரத்தில் கணினி வேறு எங்கோ மூழ்கியிருந்தால் பதில் தவறும்.

கடைசியாக, ரெக்கார்ட். எமுலேஷனில் கணினியைப் படம் ஓட்டிக் காட்டும் டெக்காக மட்டுமே வைத்துக்கொள்வது என் வழக்கம். டேப்பில் இருப்பதன் நடுவே சில ஃபிரேம்களை மட்டும் மாற்றும் இன்சர்ட் எடிட்டைக் கணினியிடம் 9-பின் வழியாகக் கேட்டால், மென்பொருளுக்கு மென்பொருள் நடத்தை மாறும். சிலது மறுக்கும், சிலது புதிய கோப்பாகப் பதியும். கன்ட்ரோலரில் அந்தப் போர்ட்டை பிளேயர் 1 அல்லது 2 என்று ஒதுக்கி, ரெக்கார்டர் இடத்தில் நிஜ ரெக்கார்டரையே வையுங்கள். மென்பொருளில் ரெக்கார்ட் தடை இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். குறுக்குக் கேபிளின் இரு முனையிலும் 'குறுக்கு' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். பார்வைக்கு நேர் கேபிள் போலவே இருப்பதால், அடுத்த வாரம் யாராவது அதை எடுத்து நிஜ டெக்கில் செருகிவிட்டு, டெக் கெட்டுப்போச்சு என்று உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.